தூசியை வென்ற வத்திராயிருப்பு விஞ்ஞானி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐப்பசியில் நாலு மழை பெய்தால் கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வரும். அதுவும் சேறும் சகதியுமாகக் கலங்கித்தான் வரும்.

முன்பெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் பெண்கள் குடத்தில் மொண்டு வருவார்கள். மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நன்றாக உரைப்பார்கள். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் சேறு அடியில் தங்கியிருக்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும்.

கலங்கிய தண்ணீரில் ஒரு நிறம் தெரிகிறது. அது நீரின் நிறமா, சேற்றின் நிறமா? தெளிய வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த பாடம். விஞ்ஞானிகளுக்கும் இதுதான் முதல் பாடம். உலகம் மெச்சிய ஓர் இந்தியக் கண்டுபிடிப்பு இந்தப் பாடத்தால்தான் கிடைத்தது. அந்த வேலையை இரவு பகலாகச் செய்தவர்களில் ஒருவர் இதே மாவட்டத்துக்காரர்.

அவர்தான் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்.

மலையடிவாரத்துப் பிள்ளை

அருப்புக்கோட்டைக்கு மேற்கே, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது வத்திராயிருப்பு. கரிசல் காடு முடிந்து மேற்குத் தொடர்ச்சி மலை தொடங்கும் இடம் அது. சதுரகிரி மலைக்குப் போகும் பக்தர்கள் பலர் இந்த ஊர் வழியாகப் போவார்கள்.

மாவட்டத்தின் கிழக்கே, திருச்சுழியில், 1879-ஆம் ஆண்டு ரமண மகரிஷி பிறந்தார். 19 ஆண்டுகள் கழித்து, மேற்கே வத்திராயிருப்பில், 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி கிருஷ்ணன் பிறந்தார். அவர் உள்ளத்துக்குள் பார்த்தார். இவர் பொருளுக்குள் பார்த்தார்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பது முழுப்பெயர். தந்தையார் விவசாயி. ஆனால் தமிழும் வடமொழியும் நன்கு கற்றவர். வயலும் ஏடும் ஒன்றாக இருந்த வீடு அது. ஆகவே பையனுக்கும் சிறு வயதிலேயே நூல்களில் ருசி ஏற்பட்டது. அந்த ருசி கடைசி வரை போகவில்லை.

உள்ளூரில் முதலில் படித்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் அவருடைய மனத்தில் நிலையாக இடம் பிடித்துக்கொண்டார். பின்னாளில் பெரும் புகழ் அடைந்த பிறகும் கிருஷ்ணன் அந்த ஆசிரியரை நன்றியோடு நினைவு கூர்ந்தார். ஒரு நல்ல பள்ளிக்கூட வாத்தியார் செய்யக் கூடிய காரியம் எவ்வளவு பெரியது, பாருங்கள்!

பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில் ரசாயனப் பகுதியில் செய்முறை கற்பிக்கும் வேலை கிடைத்தது.

பகல் உணவு நேரத்தில் கிருஷ்ணன் சும்மா இருக்க மாட்டார். மாணவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். பௌதிகமோ, ரசாயனமோ, கணக்கோ, எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். பாடத்தில் இல்லாததையும் கேட்கலாம். இந்தக் கூட்டத்துக்கு வேறு கல்லூரி மாணவர்களும் தேடி வரத் தொடங்கினார்கள்.

மாதச் சம்பளம் வந்தது. மாணவர்களின் அன்பும் கிடைத்தது. அதோடு நின்றிருந்தால் நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்திருப்பார். ஆனால் அவருக்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற தாகம். தாகம் இருக்கிறவன் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் அல்லவா?

1920-ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்.

ராமனின் ஆராய்ச்சிக் கூடம்

கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் ஒரு விஞ்ஞானக் கழகம் இருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1876-ஆம் ஆண்டு தொடங்கிய கழகம் அது. அங்கேதான் சர். சி. வி. ராமன் ஆராய்ச்சி நடத்தி வந்தார்.

கிருஷ்ணன் முதலில் கல்கத்தா பல்கலைக் கழகத்து விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்தார். 1923-ஆம் ஆண்டு ராமனின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் ராமனின் மனத்தை ஒரே கேள்வி பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

1921-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பியபோது ராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். ஆகாயத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று அதுவரை பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். ராமன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரின் அணுத்திரள்களே, அதாவது மூலக்கூறுகளே, ஒளியைச் சிதற அடிக்கின்றன. அதனால்தான் நீலம் என்று அவர் கண்டார்.

அது முதல் பௌபஜார் கூடத்தில் ஒரே வேலை. தண்ணீர், சாராயம், பென்சீன், ஈதர் என்று ஒவ்வொரு திரவமாக எடுத்து, அதன் வழியே வெயிலைப் பாய்ச்சி, எப்படிச் சிதறுகிறது என்று பார்த்தார்கள்.

1923-ஆம் ஆண்டு கே. ஆர். ராமநாதன் என்ற மாணவர் ஒரு விந்தையைக் கண்டார். சிதறிய ஒளியில், உள்ளே போன ஒளியின் நிறம் மட்டும் இல்லை. வேறு நிறத்தில் ஒரு மங்கலான மினுக்கமும் தெரிந்தது.

சில பொருள்களுக்கு ஒளி பட்டால் தாமே மினுங்கும் குணம் உண்டு. அப்படிப்பட்ட அழுக்கு ஏதோ துளி கலந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். திரவத்தைச் சுத்தம் செய்தார்கள். மினுக்கம் போகவில்லை. மறுபடியும் சுத்தம் செய்தார்கள். அப்போதும் போகவில்லை.

இது அழுக்கின் வேலையா? அல்லது திரவத்தின் இயல்பா?

அழுக்கின் வேலை என்றால் அதைக் கழுவிக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இயல்பு என்றால் இது உலகம் அறியாத புதுச் சங்கதி. இரண்டுக்கும் நடுவே நின்றது ஒரு தூசி!

தூசியைத் துரத்திய கண்ணாடிக் குடுவைகள்

ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்கு வழியே வெயில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளிக் கம்பத்தில் எத்தனை தூசிகள் மிதக்கின்றன! வெளியே வந்து பார்த்தால் அவை கண்ணில் படுவதில்லை. ஒளி பாயும்போதுதான் தெரிகின்றன.

திரவத்திலும் அப்படித்தான். கண்ணுக்குப் பளிங்கு போல் இருக்கும். வெயிலைக் குவித்துப் பாய்ச்சினால் உள்ளே தூசி மின்னும். அந்த மின்னல் மூலக்கூறுகளின் மெல்லிய ஒளியை மூடி மறைத்துவிடும். ஆகவே தூசியே இல்லாத திரவம் வேண்டும். துணியில் வடிகட்டினால் போதாது. காகிதத்தில் வடிகட்டினாலும் போதாது.

என்ன செய்வது?

இரண்டு கண்ணாடிக் குடுவைகளை ஒரு குழாயால் இணைப்பார்கள். ஒன்றில் திரவத்தை ஊற்றுவார்கள். உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் பம்பு வைத்து இழுத்துவிட்டு, கண்ணாடியை உருக்கி வாயை அடைத்துவிடுவார்கள். இனி வெளித்தூசி உள்ளே வர வழி இல்லை.

பிறகு திரவம் உள்ள குடுவையை இலேசாகச் சூடு காட்டுவார்கள். மற்றதைக் குளிர வைப்பார்கள். திரவம் கொதிக்கக் கூடாது. கொதித்தால் குமிழி வெடித்துத் துளியோடு தூசியும் தாவிவிடும். மெல்ல மெல்ல ஆவியாக வேண்டும். ஆவி மட்டும் குழாய் வழியே போய் மறு குடுவையில் குளிர்ந்து திரவமாகும். தூசி பழைய குடுவையிலேயே தங்கிவிடும்.

இதோடு முடிந்ததா? இல்லை. ஒரு முறை வந்த திரவத்திலும் கொஞ்சம் தூசி இருக்கும். அதைக் குடுவையின் சுவர் எல்லாம் படும்படி அலம்பி, மறுபடியும் முதல் குடுவைக்கே ஊற்றுவார்கள். மீண்டும் ஆவி. மீண்டும் அலம்பல். ஒளியைப் பாய்ச்சினால் ஒரு பொட்டுத் தூசியும் மின்னாத வரைக்கும் இதே வேலை.

அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. கிருஷ்ணனுக்குப் பொறுமை இருந்தது. ரசாயனத்தில் பழகிய கையும் இருந்தது. அவர் ஒன்றல்ல, இரண்டல்ல, பற்பல திரவங்களை இப்படிப் பக்குவம் செய்து அவற்றின் ஒளிச் சிதறலை அளந்தார். அந்த அளவுகளை 1925-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

அதன் பிறகு சில காலம் அவர் குடுவைகளை விட்டுவிட்டுக் கணக்குகளில் மூழ்கிப் போனார்.

ஒன்பது மணிக்கு வந்த பேராசிரியர்

1927-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் எஸ். வெங்கடேசுவரன் என்ற மற்றொரு மாணவர் கிளிசரினை வைத்துச் சோதனை செய்தார். மருந்துக் கடையில் விற்கும் அதே கிளிசரின்தான். சுத்தமான கிளிசரினில் வெயிலைப் பாய்ச்சியபோது, வர வேண்டிய நீலத்துக்குப் பதிலாகப் பச்சை கலந்த ஒளி பளிச்சென்று தெரிந்தது. மற்றத் திரவங்களில் மங்கலாகத் தெரிந்தது கிளிசரினில் நன்றாகவே தெரிந்தது.

ராமனுக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. கிருஷ்ணனைக் கூப்பிட்டார். விஞ்ஞானி நெடுநாள் சோதனையை விட்டு விலகி இருப்பது நல்லதல்ல என்று சொல்லி, அவரை மறுபடியும் குடுவைகளிடம் அனுப்பினார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கம் அது. ஒவ்வொரு நாளும் நடந்ததைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

சோதனை எளிமையானது. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி லென்சால் வெயிலைக் குவித்தார்கள். ஒளி போகும் வழியில் ஊதாக் கண்ணாடி ஒன்றை வைத்தார்கள். ஊதா ஒளி மட்டும் திரவத்துக்குள் நுழையும். பார்க்கும் பக்கத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த கண்ணாடி. அது ஊதாவை உள்ளே விடாது.

ஊதா உள்ளே போய் ஊதாவாகவே வெளியே வந்தால், இரண்டாவது கண்ணாடி அதைத் தடுத்துவிடும். ஒரே இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

இருட்டு இல்லை! மங்கலான ஒளித்தடம் ஒன்று தெரிந்தது.

போன ஒளி நிறம் மாறி வந்திருக்கிறது. தூசி இல்லாத ஒவ்வொரு திரவத்திலும் இது தெரிந்தது. அழுக்கு என்றால் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இராது. எல்லாவற்றிலும் ஒரே அழுக்கு எப்படி வரும்? மேலும், சாதாரண மினுக்கத்தின் ஒளி அலைகள் எல்லாப் பக்கமும் கலந்து அதிரும். இந்த ஒளியோ பெரும்பாலும் ஒரே வாட்டத்தில் அதிர்ந்தது.

பிப்ரவரி 7-ஆம் தேதி இரவு. கிருஷ்ணன் சாப்பிட்டுவிட்டு அறையில் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது இருக்கும். வாசலில் பேராசிரியர் ராமனே வந்து நின்று கூப்பிட்டார்! கிருஷ்ணன் இறங்கி ஓடினார். காலையில் கண்டது மினுக்கம் அல்ல. வெகுநாளாகத் தேடிய புதிய ஒளிதான் அது என்பதைச் சொல்லத்தான் ராமன் அந்நேரத்தில் வந்திருந்தார். மறுநாள் வரை பொறுக்க அவரால் முடியவில்லை. இருவரும் தெருவிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் நின்று பேசினார்கள்.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். சுமார் 60 வகைத் திரவங்களைச் சோதித்தார்கள். ஆவிகளிலும் பார்த்தார்கள். ஒன்று கூடப் பொய்க்கவில்லை. பிப்ரவரி 16-ஆம் தேதி ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் போட்டு லண்டன் நேச்சர் பத்திரிகைக்குக் கடிதம் போயிற்று. பிப்ரவரி 28-ஆம் தேதி நிறமாலை காட்டும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். போன ஒளியும் புதிய ஒளியும் நடுவே இருள் விட்டுத் தனித்தனியாகத் தெரிந்தன. சந்தேகம் தீர்ந்தது.

அதுதான் ராமன் விளைவு. ஒளி மூலக்கூறில் மோதும்போது அதனிடம் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துவிடுகிறது, அல்லது அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால் நிறம் மாறுகிறது. எந்த மூலக்கூறு எவ்வளவு மாற்றும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆகவே நிற மாற்றத்தைப் பார்த்தே பொருள் இன்னது என்று சொல்லிவிடலாம். இன்று மருந்துத் தொழிற்சாலைகளிலும் ரத்தினக் கல் சோதனையிலும் இந்த வித்தை உதவுகிறது.

1930-ஆம் ஆண்டு ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு ராமன் ஒருவருக்குத்தான். விளைவின் பெயரும் ராமன் விளைவு. முதல் கடிதத்தில் இரண்டு பெயர் இருந்ததை உலகம் மெல்ல மறந்தது. கிருஷ்ணன் அதை எண்ணி உட்கார்ந்துவிடவில்லை. பரிசுச் செய்தி வருவதற்கு முன்பே அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இறங்கியிருந்தார்.

நூலில் தொங்கிய படிகம்

1928-ஆம் ஆண்டு இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். இன்று வங்காள தேசத்தின் தலைநகரமான டாக்காதான் அது. அங்கே பௌதிகத் துறைக்குத் தலைவராக இருந்தவர் சத்தியேந்திர நாத் போஸ். ஐன்ஸ்டீனே பாராட்டிய மேதை.

டாக்காவில் கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட பொருள் படிகம். கல்கண்டு ஒரு படிகம். உப்பு ஒரு படிகம். துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையின் சரக்கான நாப்தலீனும் படிகமாக வளரும். படிகத்துக்குள் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதை எப்படிக் காண்பது? படிகத்தை உடைத்தாலும் அது கண்ணுக்குத் தெரியாதே!

கிருஷ்ணன் படிகத்தை உடைக்கவில்லை. முடியை விட மெல்லிய கண்ணாடி இழை ஒன்றில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். சுற்றிலும் காந்தத்தை வைத்தார். காந்தம் இழுக்கிற இழுப்பில் படிகம் மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்பதிலிருந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

இன்னொரு யுக்தியும் செய்தார். படிகத்தை ஒரு கரைசலுக்குள் தொங்கவிட்டார். கரைசலின் காந்த குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் வந்தார். ஒரு கட்டத்தில் காந்தம் படிகத்தை அசைக்கவே இல்லை. அப்படியானால் கரைசலின் குணமும் படிகத்தின் குணமும் சமம்! தராசில் தட்டு நேராக நிற்பது போல. எவ்வளவு எளிய யோசனை!

1933-ஆம் ஆண்டு ராமன் பெங்களூருக்குப் போனார். கிருஷ்ணன் கல்கத்தாவின் பழைய கூடத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட் கரியை ஆராய்ந்தார். கிராபைட் அடுக்கு அடுக்காக இருக்கும். அடுக்கின் நீளவாக்கில் மின்சாரம் தாராளமாக ஓடும். அடுக்கைக் குறுக்கே கடப்பதோ பல ஆயிரம் மடங்கு சிரமம். இதை 1939-ஆம் ஆண்டு அவர் அளந்து காட்டினார்.

1937-ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்கு அழைக்கப்பட்டுச் சொற்பொழிவு ஆற்றினார். 1940-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கியது. 1942-ஆம் ஆண்டு அலகாபாத் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். 1946-ஆம் ஆண்டு சர் பட்டம் வந்தது.

வெறுமையில் பழுத்த கம்பி

நாடு விடுதலை பெற்றது. புது டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது. 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரியில் சர்தார் படேல் திறந்து வைத்தார். முதல் இயக்குநர் கிருஷ்ணன்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீசையும் சேரும் போய்க் கிலோவும் மீட்டரும் வந்தன. நாட்டின் அளவுகளுக்கெல்லாம் மூல அளவைக் காப்பது இந்தக் கூடத்தின் பொறுப்பு. வாக்குச் சாவடியில் விரலில் வைக்கும் அழியாத மையும் இந்தக் கூடத்தின் ஆராய்ச்சிதான். 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் அது வழக்கத்துக்கு வந்தது.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குக் கோப்பும் கையெழுத்தும்தான் மிஞ்சும். ஆனால் கிருஷ்ணன் ஆராய்ச்சியை விடவில்லை. உலோகமும் கரியும் பழுக்கக் காய்ந்தால் அவற்றிலிருந்து எலக்ட்ரான் என்ற மின் துகள்கள் கிளம்பும். எவ்வளவு சூட்டில் எவ்வளவு கிளம்பும்? காற்று நீக்கிய வெறுமையில் மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சூடேற்றினால், நடுவில் எவ்வளவு சூடு, ஓரத்தில் எவ்வளவு சூடு? ஜெயின் என்ற இளைஞரோடு சேர்ந்து 1950-களில் இவற்றை எல்லாம் அளந்தார், கணக்கும் வகுத்தார்.

பழுத்த கம்பியை ஆராய்வதில் என்ன லாபம் என்று கேட்கலாம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் சுமார் 2,000 மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பயன் இல்லை. 1931-ஆம் ஆண்டு பெர்லினில் ருஸ்கா, நோல் என்ற இருவர் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவியைச் செய்தார்கள். இன்று இந்த வகைக் கருவிகள் லட்சக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அவற்றில் பலவற்றுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்தது, வெறுமையில் பழுத்த டங்ஸ்டன் கம்பிதான்!

உறைய வைத்து உடைக்கும் வித்தை

இந்தக் கருவியிலும் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே காற்றே இருக்கக் கூடாது. ஈரமான பொருளை வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் பொருள் சுருங்கிப் போகும். உயிருள்ள பொருள் எல்லாமே ஈரம்தானே? இலையையோ ரத்தத்தையோ எப்படிப் பார்ப்பது?

இதற்கு மேல்நாட்டார் ஒரு வித்தை கண்டார்கள். 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டீர் என்பவர் வழிகாட்டினார். 1961-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் மூர் முதலியோர் அதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள். கிருஷ்ணன் இந்த வேலையில் ஈடுபட்டவர் அல்ல. ஆனாலும் அவர் வாழ்நாள் எல்லாம் போராடிய அதே கேள்வி இங்கேயும் வந்து நின்றது.

பொருளை மைனஸ் 196 டிகிரிக் குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனின் உதவியால் நொடியில் உறைய வைப்பார்கள். பிறகு காற்றில்லாத அறையில் வைத்துக் குளிர்ந்த கத்தியால் தட்டுவார்கள். பொருள் வெட்டுப்படாது, விண்டு உடையும்.

எங்கே உடையும்? உளுந்தை உடைத்தால் அது நடுவே பிளந்து இரண்டு பருப்பாகிறது அல்லவா? உயிரணுவின் மேல் தோலும் இரட்டைப் படலம்தான். அதுவும் உளுந்தைப் போல நடுவே பிளந்து உள்முகத்தைக் காட்டுகிறது. இதை 1966-ஆம் ஆண்டு பிரான்டன் என்ற அமெரிக்கர் எடுத்துச் சொன்னார்.

உடைந்த முகத்தின் மேல் பிளாட்டினம் ஆவியைச் சாய்வாகப் படிய விடுவார்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது உழுத கரிசலின் மேடும் சாலும் தெளிவாகத் தெரியும். அது போல, சாய்ந்து விழுந்த பிளாட்டினம் மேட்டின் ஒரு பக்கம் படியும்; மறு பக்கம் படியாது. அதன் மேல் கரி ஆவியைப் படிய விட்டால் மெல்லிய அச்சு கிடைக்கும். கரிக் குச்சியில் மின்சாரம் பாய்ச்சி, வெறுமையில் பழுக்க வைத்து அந்த ஆவியை எடுப்பது வழக்கம். பிறகு அடியில் உள்ள பொருளைத் திராவகத்தில் கரைத்துவிடுவார்கள். மிஞ்சிய அச்சைத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

படத்தில் ஒரு மேடு தெரிகிறது. அது உயிரணுவின் அங்கமா? அல்லது உறைய வைத்தபோது விளைந்த பனிக்கட்டியின் வடுவா? மெதுவாக உறைந்தால் பனி ஊசிகள் வளர்ந்து எல்லாவற்றையும் கிழித்துவிடும். அதைத் தடுக்கக் கிளிசரின் சேர்த்தார்கள். ஆம், ராமன் கூடத்தில் பச்சையாக ஒளிர்ந்த அதே கிளிசரின்தான்! ஆனால் கிளிசரினே உயிரணுவை மாற்றிவிட்டால்? ஆகவே பின்னாளில் கிளிசரின் இல்லாமலே, கண் இமைப்பதற்குள் உறைய வைக்கும் முறைகளைக் கண்டார்கள்.

பார்ப்பது பொருளின் இயல்பா, பக்குவம் செய்ததில் வந்த பிழையா? கருவி எவ்வளவு பெரியதானாலும் இந்தக் கேள்வி தீராது. சோதனைப் பொருளைத் தயார் செய்கிற கைதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கதை சொல்லும் விஞ்ஞானி

இவ்வளவு பெரிய வேலைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தவர் அல்ல. கிருஷ்ணன் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். அவரைச் சந்திக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு கதை கேட்கலாம் என்று பிரதமர் நேருவே வியந்தது உண்டு.

1954-ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். விஞ்ஞானிகளுக்கான பட்நாகர் பரிசு 1958-ஆம் ஆண்டு வழங்கப்படத் தொடங்கியது. அதை முதன்முதலில் பெற்றவர் அவரே.

1961-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி கிருஷ்ணன் காலமானார். வயது 62. கடைசி வரை ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராகவே இருந்தார்.

டில்லியில் அந்தக் கூடம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். 1987 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் தேதி தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் அன்று ராமன் பெயரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். அதோடு இன்னொரு பெயரையும் வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சோதனையில் வேண்டாதது ஏதாவது தெரிந்தால், அழுக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். புதுமை என்று கூவிவிடுவது அதை விடச் சுலபம். வத்திராயிருப்பு விவசாயியின் மகன் இரண்டையும் செய்யவில்லை. மறுபடியும் குடுவையைக் கழுவினார், மறுபடியும் பார்த்தார்.